மாட்டை விரட்டிய செட்டியார்

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர், இவுகளுக்கு 68 வயது. மூன்று வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய். கொஞ்ச நாளாகத் தூக்கத்தில் கத்துகிறார், எட்டி உதைக்கிறார். போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்து புருவத்தில் இரண்டு தையல். கேட்டால், "முகப்புக்குள்ளே மாடு வந்துச்சு, விரட்டினேன்" என்கிறார். பார்க்கின்சன் தூக்கக் கோளாறு பற்றிய தேடல், எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் 100-ஐத் தொட்டுவிட்டதென்று சிங்கப்பூர் மகன் படம் அனுப்பியிருக்கிறான். நோய் அவ்வளவு பரவிவிட்டதா, டாக்டர்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அந்த 100-க்குப் பயப்படாதீர்கள். அது ஆள் கணக்கே இல்லை. மகன் பார்த்த காலத்துக்குள் அந்தத் தேடல் எப்போது உச்சத்தில் இருந்ததோ அதற்கு 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதோடு ஒப்பிட்டுப் போட்ட கோடு. செய்தியில் ஏதாவது வந்தாலே ஏறிவிடும். இது ஒட்டுகிற நோயும் இல்லை.

எனக்கு அந்த மாடுதான் முக்கியம். கனவு வரும் தூக்கத்தில் மூளைத்தண்டு கை கால்களை அசையவிடாமல் கட்டிவைக்கும். பார்க்கின்சனில் பலருக்கு இந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. கனவில் மாட்டை விரட்டினால் கட்டிலில் கால் பறக்கிறது. அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் 1986-ல் இதைத் தனிக் கோளாறாக எழுதினார்கள். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே இது தொடங்குவதும் உண்டு. செட்டியார் முன்பும் இப்படி உதைத்திருக்கிறாரா? யோசித்துப் பாருங்கள்.

கட்டில் பர்மா தேக்கா? எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு, ஏறவே முக்காலி வேண்டும். கீழே ஆத்தங்குடிக் கல் தரை, விழுந்தால் மண்டைதான். தாழ்வான கட்டிலுக்கு மாற்றி, பக்கத்தில் தரையில் மெத்தை போடுங்கள். தரையிலேயே படுக்கவைக்க வேண்டாம், எழ முடியாது. தலைமாட்டில் செம்பு, கண்ணாடி டம்ளர் கூடாது. நீங்கள் தனிக் கட்டிலில் படுங்கள். கத்தும்போது தொட்டு உலுக்காமல், தள்ளி நின்று கூப்பிடுங்கள்.

மெலடோனின், குளோனாசிபாம் என்று மாத்திரைகள் உண்டு. இரண்டாவது தள்ளாட்டத்தைக் கூட்டலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இந்த உதைப்பு வரும், அதனால் எல்லாச் சீட்டையும் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். செட்டியார் உதைப்பதைப் போனில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு போனால், மகன் அனுப்பிய படத்தைவிட டாக்டருக்கு அதுதான் உதவும்.

அப்புறம் ஒன்று. கண் விழித்து உட்கார்ந்திருக்கும்போதும் மாடு நிற்கிறது என்கிறாரா? அப்படியென்றால் அது கனவுச் சமாசாரம் இல்லை. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.