கையில் ஒட்டுகிற சுகர் சென்சாருக்காக எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 69 வயது, பென்ஷன் கிடையாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வட்டி வருகிறது, அதோடு மாடி வாடகை, அவ்வளவுதான். மனைவிக்கு 20 வருடமாகச் சுகர். மாத்திரையோடு ராத்திரி இன்சுலினும் உண்டு. போன மாதம் இரண்டு தடவை விடியற்காலையில் வியர்த்துக்கொட்டி எழுந்தாள், ஒரு தடவை குத்திப் பார்த்தால் 58. இனி எப்போதும் சென்சார் போட்டே இருக்கட்டும் என்கிறாள் மகள். 3 லட்சம் எஃப்டியை உடைக்கட்டுமா?

பதில்: எஃப்டியைத் தொடாதீர்கள் ஐயா, ஆனால் சென்சாரை வாங்குங்கள்.

ஒன்று 14 நாள் வரும். சுமார் 5,000 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 26, அதாவது 1,30,000. உங்கள் முழு வருட வட்டியே 1,23,000தான்! எஃப்டி இரண்டரை வருடம்கூடத் தாங்காது.

வெறும் மாத்திரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்று சொல்லி முடித்திருப்பேன். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலையில் 58 என்பது வேறு கதை. சென்சார் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைத்தாலே சரியாகிவிடலாம், அதற்குத் தனிச் செலவு இல்லை. அப்புறம் இரண்டு சென்சார் அடுத்தடுத்து, ஒரு மாதம், 10,000 ரூபாய். சென்சார் போனில் வரைகிற ராத்திரி சுகர் கோடு 70-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், டாக்டரும் சரி என்றால், மூன்று மாதத்துக்கு ஒன்று, வருடம் 20,000. இன்னும் இறங்குகிறது என்றால் நிறுத்தக் கூடாது, அப்போது மகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மகள் பழைய வரி முறையில் இருந்து, அம்மாவுக்கு 60 வயதாகி, அவர் பேரில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருந்தால், அம்மாவின் மருத்துவச் செலவுக்கு மகளின் வருமான வரிக் கணக்கில் 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, ஜிபே செய்யச் சொல்லுங்கள், பில்லோடு மருந்துச் சீட்டையும் எடுத்துவையுங்கள். புதிய முறையில் இருந்தால் இதை மறந்துவிடலாம்.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: சுகர் இறங்கினால் அலாரம் அடிக்குமா, போனைக் காட்டினால்தான் எண் தெரியுமா? உங்களுக்கு அலாரம் இல்லாதது வீண். உங்கள் போனில் அது ஓடுமா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். என் அம்மா நாலாம் நாள் ஜாக்கெட் மாற்றும்போது கை மாட்டிச் சென்சாரைப் பிய்த்துவிட்டார், போனது போனதுதான். அதிலிருந்து கை தளர்வான ஜாக்கெட், சென்சார் மேல் ஒரு பிளாஸ்திரி.

பழைய மெஷினையும் ஸ்டிரிப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒட்டிய கையின் மேல் படுத்தால் சென்சார் சில சமயம் பொய்யாகக் குறைத்துக் காட்டும், சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம் இருந்தால் மட்டும் எந்த எண்ணையும் பார்க்காமல் முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.