விரால் குஞ்சு தன் கூட்டத்துக் குஞ்சையே விழுங்குமா?

வவுனிக்குளத்தில் பிடித்து வந்து சீமெந்துத் தொட்டியில் விட்ட விரால் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைகின்றன, செத்து மிதப்பதும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பெரியது சின்னதை விழுங்கியிருக்கும்.

விரால் இரையை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்கும். அதனால் எதைத் தின்னலாம் என்பதை முதலில் வாயின் அகலமே தீர்மானிக்கிறது. பொரித்த குஞ்சு முதல் சில நாட்கள் தன் வயிற்றோடு ஒட்டிய கருவூண் பையில் இருக்கும் உணவிலேயே காலம் தள்ளும். அப்புறம் நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய நீருயிர், பிறகு நுளம்புக் குடம்பி, கூனி, வளர வளரச் சிறுமீன், தவளை.

இரை பிடிப்பதைக் கிட்ட நின்று பாருங்கள், அவ்வளவு அழகு. இலைக்கடியில் அசையாமல் நிற்கும். கண் மட்டும் கூனியின் துடிப்போடு நகரும். உடல் மெல்ல வளையும். சட்டென்று வாய் திறக்க, தண்ணீரோடு கூனியும் உள்ளே போய்விடும்.

குளத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு திரியும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, தீனியும் தாராளம். தொட்டியில் இரண்டு குஞ்சு முந்தி வளர்ந்தாலே போதும், பக்கத்தில் நீந்துவதும் இரைதான். சரி, என்ன செய்யலாம்? வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போடுங்கள். ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் பாசியும் வேண்டும்.