கூத்து வாளுக்கும் சூரன் போருக்கும் எந்த லென்ஸ்?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போர் போன்ற பழைய சண்டைகளை வேடமிட்டு நடித்துக் காட்டும் நிகழ்வுகளை, கயிற்றுக்கு வெளியே நின்று 70-200 மி.மீ. லென்ஸால் எடுத்துப் பழகியவர். ஐப்பசியில் யாழ்ப்பாணம் வருகிறாராம். இங்கேயும் அப்படி ஏதாவது உண்டா, என்ன லென்ஸ்களைக் கொண்டுவரலாம் என்று கேட்டிருக்கிறார்.

கவசம் பூட்டிய நூற்றுக்கணக்கானவர்கள் புல்வெளியில் மோதும் காட்சி இங்கே கிடைக்காது. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் முருகன் கோயில்களில் சூரன் போர் நடக்கிறது. குருநகர், பாசையூர்ப் பக்கம் கத்தோலிக்க நாட்டுக்கூத்து. வட்டுக்கோட்டைப் பக்கம் பாரதக் கதை ஆடும் கூத்து. பாடசாலை மேடைகளில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் பறங்கியரோடும் (போர்த்துக்கேயர்), வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரோடும் மோதுவார்கள். நான் கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுத்துச் சீவிக்கிறவன். இந்தச் சண்டைகள் என் சொந்த ஆசைக்கு. எங்கே நிற்க இடம் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள், லென்ஸைப் பிறகு தெரிவு செய்யுங்கள். என் பதில் முழுவதும் அதையே சுற்றித்தான் வரும்.

நடிப்புச் சண்டையின் முதல் விதி, அடி எவர்மேலும் விழக்கூடாது என்பது. ஆகவே வாள் வீசுகிறவனுக்கும் வெட்டுப்படுகிறவனுக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். பார்க்கிற சனத்துக்கு அது தெரியாது; மத்தள ஓசையும் ஆட்டத்தின் வேகமும் அதை மூடிவிடும். நிழற்படத்தில் ஓசையும் இல்லை, வேகமும் இல்லை. இரண்டு பேரையும் பக்கவாட்டில் வைத்து எடுத்தால், கழுத்துக்கு ஒரு முழம் தள்ளி வாள் அந்தரத்தில் நிற்கும். எந்த விலை லென்ஸும் அதைக் காப்பாற்றாது.

செய்ய வேண்டியது, ஒருவருடைய தோளுக்குப் பின்னால் மற்றவர் வரும்படி நகர்ந்துகொள்வது. அதோடு தள்ளியும் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் உங்களிடமிருந்து 2 மீற்றரிலும் பின்னால் நிற்பவர் 4 மீற்றரிலும் இருந்தால், பின்னவர் படத்தில் பாதி உயரமாகவே தெரிவார். அதே இருவரையும் 10 மீற்றருக்கும் 12 மீற்றருக்கும் தள்ளிவிடுங்கள். உயர வித்தியாசம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இடைவெளி மறைகிறது, வாள் கழுத்தில் இறங்குகிறது. நீள லென்ஸ் காட்சியை நெருக்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நெருக்குவது தூரம்தான். அங்கே நின்று 50 மி.மீ. லென்ஸால் எடுத்து வெட்டிச் சிறிதாக்கினாலும் அதே நெருக்கம் கிடைக்கும்; படத்தின் புள்ளிகள் (பிக்சல்) குறைந்துபோகும், அவ்வளவுதான்.

எத்தனை மி.மீ. வேண்டும் என்பது இதற்குப் பிறகு வெறும் கணக்கு. முழுச்சட்ட சென்சர் (36 மி.மீ. அகலம்) உள்ள கமராவில், 10 மீற்றர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸ் 1.8 மீற்றர் அகலத்தையே பிடிக்கும். ஓங்கிய வாளோடு ஒருவர் அடங்கினாலே பெரிது. 135இல் சுமார் 2.7 மீற்றர், 70இல் 5 மீற்றர். இருவர் மோதும் சண்டைக்கு 100க்கும் 135க்கும் நடுவிலேயே நான் பெரும்பாலும் நிற்கிறேன். 200ஐ முகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சூரன் போர். நீங்கள் பழகிய கயிறு இங்கே இல்லை. மரத்தால் செய்த சூரனை இளைஞர்கள் தோளில் சுமந்து முன்னே பாய்வார்கள், ஆட்டுவார்கள், பின்வாங்குவார்கள், பக்கத்தில் நிற்கிற சனத்தின்மேல் சாய்வார்கள். எதிரே முருகன் வாகனத்தில் நிற்பார். யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும். அது போய்ச் சூரபன்மனின் சொந்த முகம் வரும். பிறகு மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். தலை மாற்றுகிற நேரத்தில் சனம் நெருக்கியடிக்கும். 70-200 லென்ஸைத் தூக்கிக் கண்ணில் வைத்தால் முன்னால் நிற்கிறவரின் காதுதான் தெரியும். அங்கே 24 அல்லது 35 மி.மீ. போதும். திரையை மடித்துப் பார்க்கக்கூடிய கமராவானால் தலைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். சண்டை நடக்கும் மட்டமும் அதுதான். சூரனும் முருகனும் சனத்தின் தலைக்கு மேலேதான் சந்திக்கிறார்கள்.

24 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்து (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகி ஒளி கூடும்), 2.5 மீற்றரில் கையால் குவியப்படுத்திவிட்டால், சுமார் 1.2 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். தானியங்கிக் குவியம் எவருடைய கையில் உள்ள கைபேசியைப் பிடிக்கப் போகிறதோ என்ற கவலை இல்லை. தூரத்துக்கு நேர் எதிரான வித்தையும் இங்கேதான் எடுபடும்: அருகில் இருப்பது பூதாகாரமாகும். சூரனின் ஓங்கிய கை ஒன்றரை மீற்றருக்குள் வரும்போது அழுத்தினால் அது பாதி வானத்தை மறைக்கும், பின்னால் முருகனின் வாகனம் சிறிதாக நிற்கும். அசுரனின் ஆணவத்தைக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கையால் பிடித்த வாளோடு நிற்கும் கூத்துக்காரரை இப்படி எடுத்தால் மட்டும் கை வீங்கி முகம் சிறுத்துக் கேலிச்சித்திரமாகிவிடும்.

போர் பெரும்பாலும் பின்னேரத்தில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். கிழக்கு நோக்கிய கோயிலின் முன்னால் நின்று கோபுரத்தைப் பார்த்து எடுத்தால் வெயில் நேரே லென்ஸுக்குள் வரும். சூரனின் முகம் கறுத்துப்போகும். ஒளியளவைப் பிளஸ் ஒன்றுக்கு ஏற்றுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பாய்ச்சலை உறையவைக்க 1/500 செக்கன் ஷட்டர் வேகம் போதும். 1/30இல் சூரனின் முகத்தோடு கமராவையும் சேர்த்துத் திருப்பினால், முகம் ஓரளவு நின்று சனம் கோடுகளாக இழுபடும். பத்தில் ஒன்றுதான் தேறும், ஆனாலும் எனக்குப் பிடித்தவை அவைதான். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக முடியும்; உள்ளே படமெடுப்பதை நினைக்கவே வேண்டாம், வெளிவீதியோடு நில்லுங்கள்.

கூத்துக்கு வந்தால் கதை வேறு. இரவு, மேடை, விலை குறைந்த எல்.ஈ.டி. விளக்குகள். கண்ணுக்குத் தெரியாமல் அவை சிமிட்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 100 தடவை. ஓசையில்லாத இலத்திரனியல் ஷட்டரில் 1/500 வைத்தால் அரசனின் முகத்தில் வரிவரியாகப் பட்டை விழும். இயந்திர ஷட்டருக்கு மாறி 1/100இல் எடுங்கள். 1/100இல் வாள்வீச்சு கலங்குமே என்பீர்கள். கலங்கும். ஆனால் கூத்துச் சண்டை தாளத்துக்குக் கட்டுப்பட்டது. வாளோடு வாள் முட்டுவது அடியின்மேல்தான். முட்டியதும் ஒரு கணம் எல்லாம் நிற்கும். மத்தளத்தைக் காதால் பின்தொடர்ந்து, அந்தக் கணத்தில் விரலை வையுங்கள். தொடர்ச்சியாக நூறு படம் சுட்டுத் தேடுவதைவிட இது நிச்சயமான வழி.

இங்கே என் கை போவது 85 மி.மீ. எஃப் 1.8க்கு. எஃப் 2.8 ஸூமைவிட இரு மடங்குக்கு மேல் ஒளி வாங்கும், ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்வு) 6400க்குப் பதிலாக 3200க்குக் கீழேயே வேலை முடியும். முன்வரிசைக்குப் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டு பாருங்கள். வாள் மரமாக இருக்கும், மேலே வெள்ளித்தாள். பிடியருகே தாள் கிழிந்து மரம் தெரியும். நெற்றியில் பூசிய அரிதாரத்தை வியர்வை ஒரு கோடாக அறுத்துக்கொண்டு மூக்கோரம் இறங்கியிருக்கும். வெட்டு விழுவதற்குச் சற்று முன், ஆடுகிறவரின் கண் எதிராளியின் முகத்தைவிட்டு அவருடைய வாள்கையைத் தேடிப் போகும். அந்தப் பார்வைதான் எனக்குப் படம். பக்கவாட்டில் வெட்டு எப்படித் தெரிந்தால் என்ன, அந்தக் கண் பொய் சொல்லாது.

கையில் காசு இல்லாத, கமராவோடு வந்த 18-55 மட்டும் வைத்திருக்கும் இளைஞர்களும் இதைப் படிப்பார்கள். ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், பழையதென்றாலும் பரவாயில்லை. அந்த 18-55, 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; 50 மி.மீ. கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளி தரும். சிறிய சென்சரில் அது 75 மி.மீ. போலவே பார்க்கும், கூத்து மேடைக்கு ஏறக்குறையச் சரியான நீளம்.

சரித்திர வேடங்களில் இன்னொரு தொல்லை, பின்னணி. அகல லென்ஸ் ஒலிபெருக்கி, மின்கம்பம், கடை விளம்பரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். 135இல் ஒரு சுவரின் துண்டு மட்டும் போதும். இதற்காகவே பலர் நடிகர்களை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலியனைக் கோட்டை மதிலின் முன் நிறுத்துகிறார்கள். சங்கிலியன் தோற்றது 1619இல். அதன் பிறகே போர்த்துக்கேயர் கோட்டையை எழுப்பினார்கள். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர்தான் இன்றுள்ள ஐங்கோண வடிவத்தைக் கொடுத்தார்கள். தன் காலத்தில் இல்லாத மதிலைக் காக்க அரசன் வாள் தூக்குவது எனக்குச் சிரிப்பைத்தான் தருகிறது. மதில் வேண்டுமென்றால் கல்லின் சொரசொரப்பு மட்டும் மங்கலாகத் தெரியும்படி எஃப் 2இல் எடுத்துவிடுங்கள். வேடத்தோடும் வாளோடும் போய் நிற்பதற்குமுன் தொல்பொருள் திணைக்களத்திடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, உங்கள் பைக்குள் 24-70 ஒன்றும் 85 ஒன்றும் வரட்டும். 70-200 உங்களுக்குப் பிடித்தமானது என்று தெரிகிறது, எஃப் 2.8 என்றால் ஒரு கிலோவுக்கு மேல் வரும், ஒரு மாடி வீட்டுக்காரர் சிநேகிதமாக இருந்தால் கொண்டுவாருங்கள். மாடியிலிருந்து சூரனையும் முருகனையும் ஒரே நேர்கோட்டில் பிடிக்க அதுவே சிறந்தது. வெளிவீதி முழுக்க மணல், ஐப்பசி மழையும் எந்நேரமும் இறங்கும். வீதியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரு சண்டைக்கு ஒரு லென்ஸ் என்று முடிவெடுத்துப் பூட்டிக்கொண்டு போங்கள்.

கூத்தென்றால் ஒத்திகைக்கே போய்விடுங்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் முதலில் போய்க் கேளுங்கள். மறுப்பவரை நான் கண்டதில்லை. வேடம் இல்லாமல், சாரத்தோடு ஆடும்போதே எந்த அடியில் யார் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்த வெட்டு உங்கள் பக்கம் முதுகைக் காட்டி விழுகிறது என்று தெரிந்துவிடும். மேடையின் இடது மூலையா வலது மூலையா என்பதை அங்கேயே தீர்மானித்து, அரங்கேற்றத்தன்று சனம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த மூலையில் ஒரு பாயை விரித்துவிடுங்கள்.