பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வருகிறதா? அடைப்பு பாத்ரூமில் இல்லை

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் பாத்ரூம் தரை ஓட்டையில் 'களக் களக்' என்று சத்தம், அப்புறம் சோப்பு நுரை மேலே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாலியைக் கழற்றி முடியை எடுத்தும் பயனில்லாததில் ஆச்சரியமில்லை. ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் எட்டிப் பார்த்தால், இரண்டு குழாயும் சேரும் இடத்துக்கு அப்பால்தான் கோளாறு.

மெஷினை நிறுத்திவிட்டு வெளியே சேம்பர் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். முகத்தை உள்ளே நீட்ட வேண்டாம், விஷவாயு இருக்கலாம். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதைத் தாண்டி. காலியாகக் கிடந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. இதைச் சொன்னாலே பிளம்பருக்குப் பாதி வேலை மிச்சம். அவர் ஸ்பிரிங் கம்பி விட்டு இழுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நுனியில் மெழுகுபோல ஒட்டி வந்தால் எண்ணெய்ப் பிசுக்கு. வேர் இழை வந்தால் குழாயில் எங்கோ விரிசல், அது பெரிய வேலை.

ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் கலந்து அங்கேயே நிற்கும், கடைசியில் கம்பி விடுபவர் மேல்தான் தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதன்மேல் பிளீச்சிங் பவுடரும் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.