டிஎன்ஏ ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ என்றால் ஆர்என்ஏ டெஸ்ட் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54, புகைப்பழக்கம் கிடையாது. நுரையீரலில் அடினோகார்சினோமா (சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றில் ஒரு வகை), நான்காம் நிலை. டிஎன்ஏ பரிசோதனையில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 ஆகிய மரபணுக்களின் மாற்றங்கள் எல்லாமே நெகட்டிவ். கீமோவையும் இம்யூனோதெரபியையும் (நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) சேர்த்து உடனே தொடங்கலாம் என்கிறார் டாக்டர். இன்னொருவர் ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து உருவாகும் நகல்) டெஸ்ட்டும் செய்யச் சொல்கிறார். அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். புகைபிடிக்காதவர், அடினோகார்சினோமா, வேறு எந்த மரபணு மாற்றமும் சிக்கவில்லை. மரபணு இணைவு இருக்கிறதா என்று விடாமல் தேட வேண்டியது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்வதே இணைவு. தேவைப்படும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய வளர்ச்சிப் புரதம் அதனால் ஓயாமல் இயங்கத் தொடங்கும். நுரையீரல் புற்றில் முக்கியமான ஏஎல்கே இணைவு 2007-ல் தெரியவந்தது. சிறுசெல் அல்லாத வகையில் 3 முதல் 5 சதவீதம் பேருக்கு இருக்கும். ஆர்ஓஎஸ்1, ஆர்இடி தலா 1–2 சதவீதம். என்டிஆர்கே, என்ஆர்ஜி1 ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்த அரிய வகைகளைத்தான் டிஎன்ஏ டெஸ்ட் அதிகம் தவறவிடுகிறது. உடைப்பு பெரும்பாலும் இன்ட்ரான் பகுதியில் (மரபணுவில் புரதத்துக்கான தகவல் இல்லாத இடைப்பகுதி) நடக்கும். என்டிஆர்கே, என்ஆர்ஜி1 இரண்டிலும் இன்ட்ரான்கள் மிக நீளமானவை. டிஎன்ஏ டெஸ்ட் அவற்றை முழுவதுமாகப் படிப்பதில்லை. ஆர்என்ஏ உருவாகும்போது இன்ட்ரான்கள் வெட்டி எறியப்படுவதால், ஒட்டிய இடம் நேராகவே தெரிந்துவிடும். ஆனால் ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். ‘மாதிரியின் தரம் போதவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் கலந்த கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நம்பிவிட முடியாது.

கண்டுபிடித்தால் சிகிச்சையே மாறிவிடும். ஆர்இடி இணைவு உள்ளவர்களிடம் செல்பெர்கடினிப் மாத்திரையைக் கீமோ சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் சராசரியாக 25 மாதம், மற்றவர்களுக்கு 11. என்டிஆர்கேவுக்கு லாரோட்ரெக்டினிப், என்ட்ரெக்டினிப் இருக்கின்றன. என்ஆர்ஜி1-க்கு, முதல் சிகிச்சைக்குப் பிறகும் நோய் வளர்ந்தால் கொடுக்க, செனோகுடுசுமாப் ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது முக்கியமாக இம்யூனோதெரபி விஷயத்தில். ஏஎல்கே, ஆர்இடி கட்டிகளில் அதன் பலன் சொற்பம். மருந்தின் தாக்கமோ உடலில் மாதக்கணக்கில் தங்கும். அதன்பின் மாத்திரைக்கு மாறும்போது, மருந்தைப் பொறுத்து, ஈரல் பாதிப்போ ஒவ்வாமையோ கூடுதலாக வரக்கூடும். ஒருமுறை ஏற்றிய இம்யூனோதெரபியைத் திரும்ப எடுக்க வழியில்லை!

அம்மாவுக்கு மூச்சுத்திணறல் போன்ற தொல்லை அதிகமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. ‘முதல் சுற்றில் பிளாட்டினம், பெமெட்ரெக்செட் ஆகிய கீமோ மருந்துகளை மட்டும் கொடுத்து, ரிப்போர்ட் வந்தபின் இம்யூனோதெரபி பற்றி முடிவெடுக்கலாமா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். நியாயமான கேள்விதான், தயங்க வேண்டாம்.

பழைய திசு தீர்ந்துபோயிருந்தால் மறு பயாப்ஸி தேவைப்படும். அதை எலும்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஆய்வகத்திடம் சொல்லிவிடுங்கள். எலும்பை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்தால் ஆர்என்ஏ வீணாகிவிடும்.