கடைவீதித் தரைக்கடைகளை இடம் மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: சேலத்தில் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் உள்ள ஒரு தெருவில் நாங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இரண்டு தலைமுறையாகக் காய்கறி, பூ, பழம் விற்று வருகிறோம். சாலையும் வடிகாலும் புதுப்பிக்கப்பட இருப்பதால், அருகில் கட்டப்பட்டுள்ள வளாகத்தின் மாடிக்குச் செல்லுமாறு வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் போய்விடலாம் என்கிறார்கள். மற்றவர்கள் நகரவே கூடாது என்கிறார்கள். சங்கச் செயலாளராக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒருவரும் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கடைகள் மேலேயும் பாதிக் கடைகள் தெருவிலும் இருந்தால் வாங்க வருபவர் இரண்டு இடத்திலும் முழுச் சந்தையைக் காணமாட்டார். அவர் வேறு இடம் தேடிப் போய்விடுவார். எனவே எழுத்துபூர்வ அறிவிப்பு வரும்வரை அனைவரும் இருந்த இடத்திலேயே இருப்பது என்று சங்கத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன் நகலுடன் மாநகராட்சி ஆணையருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே உள்ளது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவோர வியாபார ஒழுங்குமுறை) சட்டத்தின் 3(3) பிரிவின்படி, தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் (தெருவில் விற்க அனுமதிக்கும் சான்று) வழங்கப்படும்வரை எவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றுவதானால் 18-ஆம் பிரிவின்படி 30 நாள் அறிவிப்பு தரவேண்டும்; 13-ஆம் பிரிவின்படி, நகர விற்பனைக் குழுவை (வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இடம்பெறும் குழு) கலந்தாலோசித்து மாற்றிடமும் தரவேண்டும். அறிவிப்புக் காலம் முடிந்த பிறகும் நகராதவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதே சட்டம் இடம் தருவதால், முறையான அறிவிப்பு கைக்கு வந்தபின் வீம்புக்கு உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. ஆகவே உங்கள் உறுப்பினர்களில் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது, யாரிடம் அடையாள அட்டை மட்டும் இருக்கிறது, கணக்கெடுப்பில் யார் விடுபட்டார்கள் என்று இந்த வாரமே ஒரு பட்டியல் தயாரியுங்கள். விடுபட்டவர்களுக்கு இனி இடமில்லை என்று யாரேனும் சொன்னால், மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கச் சட்டம் சொல்வதையும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,29,267 என்பதால் அந்த அளவு இருபதாயிரத்தைத் தாண்டும் என்பதையும் எடுத்துக் காட்டலாம்.

இதைவிட வலுவான பிடி அதே சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கிறது. சங்கங்கள் பெரும்பாலும் அதுவரை படிப்பதில்லை. கூட்ட நெரிசலை மட்டுமே காரணமாகக் காட்டி ஓர் இடத்தை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்க முடியாது. விற்பவரும் வாங்குபவரும் வழிவழியாகக் கூடும் இயல்புச் சந்தையையும் அப்படி அறிவிக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இயல்புச் சந்தையை மரபுச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விடவேண்டும் என்பதும் இரண்டாம் அட்டவணையில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தத் தகுதி தானாக வந்துவிடாது. நகர விற்பனைக் குழு பரிந்துரைக்க வேண்டும். பழைய சுங்க ரசீதுகள், புகைப்படங்கள், நாள் குறிப்பிட்ட பழைய மனுக்கள் என்று இரண்டு தலைமுறையை மெய்ப்பிக்கும் எதுவாயினும் திரட்டி அந்தக் குழுவின் முன் வையுங்கள். குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பதால், உங்கள் பக்கம் பேச அங்கே ஆள் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருமணிமுத்தாறு ஊடறுத்துப் போகும் இந்த நகரில் வடிகால் வேலை உண்மையான பொதுத் தேவை. அதற்காகச் சில மாதங்கள் விலகச் சொன்னால் மறுப்பது கடினம், மறுக்கத் தேவையும் இல்லை. எங்கே, எத்தனை மாதம், திரும்பி வரலாமா என்ற மூன்றையும்தான் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய தெருவிலேயே எண்ணிட்ட இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத இடமாற்றத்தை, எந்தப் பெயரில் சொன்னாலும், நிரந்தர இடமாற்றமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1996-இல் சென்னைக் கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது வியாபாரமும் கூடவே போனது. மொத்தக் கொள்முதல்காரர் சரக்கு இருக்கும் இடத்துக்கு வண்டி பிடித்து வருவார். கால்கிலோ கத்தரிக்காயும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்குபவர் அப்படி வருவதில்லை. பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டால்தான் வாங்குவார். 2013-இல் சென்னைப் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டபோது எழுந்த முதல் குறையே விற்பனைச் சரிவுதான். எனவே தரைத்தளத்தையோ, அதே நடைபாதை வழியில் வரும் அடுத்த தெருவையோ கேளுங்கள். வாயால் மட்டும் கேட்டால் போதாது: உங்கள் தெருமுனையிலும் புதிய வளாகத்தின் வாசலிலும் ஆளை நிறுத்தி, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிறு, ஒரு சாதாரண நாள் என்று காலையிலும் மாலையிலும் நடந்து போகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். மனுவில் அந்த எண்ணிக்கை இருந்தால் அதிகாரிகளும் அதைத் தள்ளிவிட முடியாது.

நாளும் முக்கியம். கோடையில் மாம்பழம் வரத்து தொடங்கியபின்போ, ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டியோ புதிய இடத்துக்குப் போனால் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். பண்டிகை ஓய்ந்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். அனைவரும் ஒரே நாளில் போங்கள். இட ஒதுக்கீட்டுக்கு மொத்தமாகக் குலுக்கல் போட்டால் பூக்கடைக்கு நடுவே வெங்காயம் வந்துவிடும். ஆகவே பூ, பழம், காய் என்று வரிசை பிரித்துவிட்டு, அந்தந்த வரிசைக்குள் மட்டும் குலுக்கல் நடத்தச் சொல்லுங்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாசலருகே இடம் ஒதுக்கிய பிறகே சீட்டு எடுக்கலாம்.

தண்ணீர், நிழல், விளக்கு, விடியலில் சரக்கு இறக்க வழி, இரவில் மிச்சச் சரக்கைப் பூட்டிவைக்க அறை ஆகியவை எல்லோரும் கேட்பவை. பெண்கள் அதிகம் உட்காரும் சந்தையில் கழிப்பறை திறந்திருக்கும் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கட்டிவிட்டுப் பூட்டி வைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. சுங்கம் வசூலிக்கக் குத்தகைதாரர் வருவாரா, வந்தால் நாளுக்கு எவ்வளவு என்பதும் போகும் முன்பே தெரிய வேண்டும்.

கடைசியாக, சான்றிதழில் உங்கள் பழைய தெருவின் பெயர்தான் இருக்கும். அது திருத்தப்படாமல் புதிய இடத்தில் உட்கார்ந்தால், நாளை வேறொரு அதிகாரி அதையே விதிமீறல் என்று சொல்லிச் சரக்கை எடுத்துச் செல்ல வாய்ப்புண்டு. அப்படி நடந்தால் 19-ஆம் பிரிவின்படி எடுத்த பொருட்களின் கையெழுத்திட்ட பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். ஆனால் அந்த நிலை வராமலிருக்க, புதிய இடத்தின் பெயர் சான்றிதழில் ஏறிய பிறகு அங்கே சரக்கை இறக்குங்கள்.