ஜியோகேஷிங்கில் கிடைக்கும் டிஜிட்டல் பேட்ஜுகளால் ஏதாவது பிரயோசனம் உண்டா?

கேள்வி கேட்டவர் ஏற்கெனவே கொஞ்சம் விளையாடிப் பார்த்தவர் என்று நினைக்கிறேன். கணக்குப் பக்கத்தில் வரிசையாக வந்து விழும் அந்தப் படங்களை, சூவனியர், பேட்ஜ் என்று என்ன பெயர் சொன்னாலும் சரி, பார்த்துவிட்டு இதற்காகவா வெயிலில் அலைந்தேன் என்று சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள். என் பதில் இதுதான். தேடிப் போகிறவருக்குப் பிரயோசனம் உண்டு. பெட்டியை வைத்துப் பராமரிக்கிறவருக்கு அதனால் வருவது பெரும்பாலும் தொல்லை. நான் பெட்டி வைத்திருக்கிறவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜியோகேஷிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஓரிடத்தில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து அந்த இடத்தைக் குறிக்கும் எண்களை, அதாவது ஆள்கூறுகளை, விளையாட்டின் இணையத்தளத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சின்னக் கொப்பியில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். 2000 மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் இடம் துல்லியமாகத் தெரியாதபடி வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டுப்பக்கம் வைத்துவிட்டு வந்தார். அந்த முதல் வாளியிலேயே பெயர் எழுதக் கொப்பியும் பென்சிலும் இருந்தன. பேட்ஜ் வந்தது பத்து வருடம் கழித்து, 2010இல். கொப்பிதான் மூத்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெட்டி யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கம், மாமாவின் வளவு மதிலில் இருக்கிறது. ஒழுங்கைப் பக்கமாக வெள்ளைக்கல் வைத்துக் கட்டிய பழைய மதில், அதில் ஒரு கல் விலகின இடுக்கு. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, விற்றமின் குளிசை வந்த வெள்ளைப் போத்தல், உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்குள் நான்காக மடித்துத் தைத்த கொப்பி, அரை விரல் நீளப் பென்சில், ஈரம் உறிஞ்சச் சப்பாத்துப் பெட்டியில் வந்த அந்தச் சின்னப் பொட்டலம். பேனை வைக்கக் கூடாது, மாரியில் மை ஊறிப் பக்கம் முழுவதும் நீலமாகிவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்கு எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஈரம் ஏறும். வருடத்துக்கு மூன்று தரமாவது போய்க் கொப்பி மாற்றுகிறேன். ஒருமுறை திறந்தால் முழுக்க எறும்பு முட்டை.

யாழ்ப்பாணத்தில் பெட்டி வைப்பதற்கும் வேறு ஊரில் வைப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இதை வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் யோசிப்பதில்லை. என் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் பாடங்களில் ஒன்று, தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்பது. மிதிவெடிப் படம் போட்ட சுவரொட்டி வகுப்பில் தொங்கும். சண்டை முடிந்தது 2009இல், ஆனால் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது. இப்படிப்பட்ட ஊரில் பற்றைக்குள் ஒரு மூடின டப்பாவைக் கொண்டுபோய் ஒளித்தால் என்ன ஆகும்? நான் முதல் தரம் இடம் பார்த்துக்கொண்டு நிற்கையில் முன்வீட்டு ஆச்சி படலைக்குள் நின்று, “பிள்ளை, என்னத்தை உதுக்குள்ளை வைக்கிறாய், எடுத்துப்போட்டுப் போ” என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் பற்றையும் வேண்டாம், பொது இடமும் வேண்டாம் என்று மாமாவின் மதிலுக்கு வந்தேன். போத்தலில் “இது விளையாட்டுக்கு வைத்தது, பயப்பட வேண்டாம்” என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த ஆச்சிக்கும் அக்கம்பக்கத்துக்கும் திறந்து காட்டினேன். இப்போது யாராவது மதிலடியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆச்சியே “இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ” என்கிறார்.

சரி, பேட்ஜுக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேச ஜியோகேஷிங் தினம். அன்றைக்கு ஏதாவது ஒரு பெட்டியைக் கண்டுபிடித்துப் பதிந்தால் அந்த நாளுக்கான பேட்ஜ் விழும். இங்கே அது நல்லூர்த் திருவிழாக் காலம், வெளிநாட்டிலிருந்து சனம் வந்து நிறைந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் என் பெட்டியை ஒருவர் கண்டுபிடித்ததாகப் பதிவு வந்தது. ஆயிரக்கணக்கில் பெட்டி எடுத்தவர். “சுலபமான இடம், நன்றி” என்று ஒரே வரி. எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம், பொய் சொல்லவில்லை, மாதக்கணக்கில் ஆள் வராத பெட்டிக்கு ஒருவர் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த புதன்கிழமை கொப்பி மாற்றப் போனேன். மதிலில் அந்தப் பக்கமே இல்லை. முந்தின வாரம் மணல் ஏற்றி வந்த லொறி பின்னுக்கு எடுக்கையில் இடித்து, ஆறடி நீளத்துக்குக் கல் சரிந்து கிடக்கிறது. மாமா போத்தலைப் பத்திரமாக எடுத்து உள்ளே அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். எடுத்துத் திறந்து பார்த்தால் கொப்பியில் கடைசிப் பெயர் தை மாதத்தோடு நிற்கிறது. சனிக்கிழமை அந்தப் போத்தல் அலுமாரிக்கு மேல் இருந்தது. வந்தவர் எடுத்தது என்ன?

நான் ஏன் தளத்தில் பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவில்லை என்று சிலர் கேட்பீர்கள். மதில் இடிந்தது எனக்குப் புதன்கிழமைதான் தெரியும். மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது, போனில் அந்தத் தளம் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை, பெட்டியைக் காப்பாற்றி உள்ளே வைத்ததே பெரிய காரியம்.

பதிவு போட்டவருக்கு மரியாதையாகத்தான் எழுதினேன். கொப்பியில் உங்கள் பெயர் இல்லையே, பெட்டியும் அன்று அங்கே இல்லையே என்று. பதில் வந்தது. இடத்துக்கு வந்தேன், மதில் உடைந்திருந்தது, பெட்டி இல்லாதது என் பிழையில்லை, அன்று ஒரு நாள்தான் இருந்தது, ஒரு பேட்ஜ்தானே, விடுங்கள் என்றார். நான் பதிவை நீக்கினேன். கொப்பியில் பெயர் இல்லாவிட்டால் நீக்கும் உரிமை பெட்டி வைத்தவருக்கு விதியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எழுதியதை இங்கே எழுத விருப்பமில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அவர் “தேடினேன், கிடைக்கவில்லை, மதில் உடைந்திருக்கிறது” என்று பதிந்திருந்தால் எனக்கு சனிக்கிழமையே விஷயம் தெரிந்திருக்கும். அப்படிப் பதிய ஒரு தனி வகையே இருக்கிறது. பெட்டி வைத்திருப்பவருக்கு எல்லாப் பதிவிலும் அதிகம் உதவுகிற பதிவு அதுதான், ஏனென்றால் பெட்டி தொலைந்ததா, நனைந்ததா என்று வேறு வழியில் தெரியவராது. ஆனால் கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் பேட்ஜ் விழாது. கண்டுபிடித்தேன் என்றால்தான் விழும். அந்த மனிதர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, பேட்ஜை எதற்குக் கொடுக்கிறார்களோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை, தயவுசெய்து கீழே வந்து அந்தச் சண்டையைத் தொடங்காதீர்கள். என் கொப்பியில் மிக அழகாக எழுதிவிட்டுப் போன ஒருவர் செக் நாட்டுக்காரர்.

இன்னொன்று. எண்ணிக்கையில் ஓடும் சாதனைகள் எங்களைப் போன்ற ஊர்க்காரருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் இரண்டையும் ஒன்றிலிருந்து ஐந்து வரை அரை அரையாக மதிப்பிடுவார்கள், இரண்டிலும் ஒன்பது படி, ஒன்பதுக்கு ஒன்பது, மொத்தம் 81 சேர்க்கை. அந்த 81 கட்டத்தையும் நிரப்புவது பெரிய சாதனையாகப் பேசப்படுகிறது. ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் 161 மீற்றர் இடைவெளி விட்டால் போதும் என்ற விதியில் காட்டுப்பாதை நெடுகப் பெட்டி வைத்திருக்கும் நாட்டுக்காரருக்கு அது ஒரு விடுமுறைக் காலத்து வேலை. குடாநாட்டில் இருப்பவருக்கு அது விமான டிக்கெட் விலை. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த அங்கீகாரம் வேறு, ‘ஃபேவரிட் பாயின்ட்’. காசு கட்டிச் சேர்ந்தவர்களுக்குப் பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று கிடைக்கும், தனக்குப் பிடித்த பெட்டிக்கு அதைக் கொடுக்கலாம். அது எடுத்தவருக்குப் போவதில்லை, பெட்டிக்குப் போகிறது. என்னுடையதற்கு இரண்டு இருக்கின்றன.

ஆனாலும் தேடுகிறவருக்குப் பிரயோசனம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன், அதற்குக் காரணம் அக்காவின் மகள். பதினொரு வயது, ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. போன வருடம் வந்து முதல் ஒரு கிழமை வீட்டுக்குள்ளேயே போனோடு கிடந்தாள். நான் இந்தப் பேட்ஜ் படங்களைக் காட்டினேன், அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு “சித்தி, வெளிக்கிடுவமா?” என்று சைக்கிளோடு நிற்கிறாள். பேட்ஜுக்காகத்தான் வந்தாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்து நாளில் குடாநாட்டைப் பாதி சுற்றினோம். நிலாவரைக் கிணற்றடியில் நின்று, ராமர் அம்பு குத்தின கதையையும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பதையும் சொன்னேன். அம்பை விட்டுவிட்டு உப்பைப் பிடித்துக்கொண்டாள். ஏன் கலக்கவில்லை? மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, பாரம் கூடின கடல் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து கிளாசில் உப்புக் கரைத்து மேலே மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள்.

போகிற வழியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அங்கே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை, வழியெல்லாம் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கோயிலுக்குப் போகும் ‘வழி’ என்று இருக்கவேண்டிய பலகையில் ‘வலி’ என்று இருக்கிறது. “சித்தி, வலி எண்டால் நோவுதானே?” என்கிறாள். என்ன சொல்வது? மூன்று மொழியில் பலகை அடிக்கக் காசு இருக்கிறது, தமிழ் வரியை ஒரு தமிழரிடம் காட்டிச் சரிபார்க்க ஐந்து நிமிடம் இல்லை. தமிழர் மட்டுமே வாழும் ஊரில் நிற்கும் பலகை அது. தொடர்புடையவர்களுக்குப் படம் எடுத்து இரண்டு தரம் அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. கடல் கடந்து போய்ப் பிள்ளைக்கு ழகரம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தால் ஊர்ப் பலகை அதைக் கெடுக்கிறது, எனக்கு அது ஆறவே இல்லை.

கடைசி நாள் மாமா வீட்டுக்குப் போனோம். மதில் திரும்பக் கட்டி முடிந்து பெட்டி பழைய இடுக்குக்கே வந்துவிட்டது. மேசனிடம் சொல்லி அந்த ஒரு கல்லை மட்டும் பூசாமல் விடச் செய்தவர் மாமா. பிள்ளை பெயர் எழுதினாள், தனக்கு முன்னால் யார் யார் வந்தது என்று பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அலுமாரிக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்ப தாத்தாவுக்கு என்ன பேட்ஜ்?” என்றாள். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அந்த அரை விரல் பென்சிலால் கொப்பியின் பின்மட்டையில் ஒரு வட்டம் கீறி, உள்ளே அலுமாரி ஒன்றும் அதன் மேல் போத்தலும் கீறி, கீழே மாமாவின் பெயரை எழுதினாள்.

இந்த மாரிக்கு அந்தக் கொப்பி நனைந்துபோனது. புதியது வைத்தேன். பழையதை எறிய மாமா விடவில்லை. வெயிலில் காயவைத்து அலுமாரிக்குள் எடுத்துவைத்திருக்கிறார்.